பெரிய டயர் போட்டால் பாரம் கூடுதலாக ஏற்றலாமா?

கேள்வி: சித்தப்பாவிடமிருந்து 2009 மாடல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி ஓட்டுகிறேன். ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு கட்டும் இடங்களுக்குத் தரைக்கல் ஏற்றிப் போகும் வேலை. இப்போது இருப்பது 215/75 ஆர்15 டயர். கண்மாய்க்கரைப் பாதையில் அடி இடிக்கிறது. ஜீப்பிலிருந்து கழற்றிய 16 அங்குல அலாய் வீல் நாலும் 245/75 ஆர்16 டயரும் நல்ல விலைக்கு வருகின்றன. வண்டி உயரும், பாரமும் கூட ஏற்றலாம் என்கிறார் கடைக்காரர். கல் பதிக்கிற ஆட்கள் நாலு பேரும் லோடு மேலேயே ஏறிக்கொள்வார்கள். வாங்கலாமா?
(வாசகர், ஆத்தங்குடி)

பதில்: வாங்காதீர்கள் தம்பி. முன்பணம் கொடுத்திருந்தால் போய்த் திருப்பிக் கேளுங்கள்.

கடைக்காரர் உயரத்தைக் காட்டிப் பாரத்தை விற்கப் பார்க்கிறார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் உயரத்தைப் பார்ப்போம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்றால் அந்த அகலத்தில் 75 சதவீதம் டயரின் பக்கச் சுவர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மோடு மேலும் கீழுமான இரண்டு பக்கச் சுவரையும் கூட்டிப் பார்த்தால் உங்கள் டயரின் முழு விட்டம் சுமார் 704 மி.மீ. அவர் காட்டுகிற டயர் 774. எழுபது மில்லிமீட்டர் பெரிது என்று அவர் சொல்லியிருப்பார். அச்சு சக்கரத்தின் நடுவில் அல்லவா இருக்கிறது? வண்டி உயர்வது அதில் பாதி, 35 மி.மீ. இரண்டு விரல் அகலம். அதற்காக நீங்கள் கொடுக்கப்போகிற விலை கடைக்காரர் சொன்ன ரூபாயோடு முடியாது.

சக்கரம் பத்து சதவீதம் பெரிதாகிறது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். அதே பிரேக், அதே மிதி. ஆனால் தரையில் கிடைக்கிற பிரேக் பிடி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். இழுவையும் அப்படியே. முழு லோடோடு கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது முதல் கியர் திணறும், கிளட்ச் தேயும். பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி இது என்பதை மறக்காதீர்கள். பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள், பிரேக் எல்லாம் ஏற்கெனவே தேய்ந்தவை.

வேறு வண்டியின் வீல் என்பது இதைவிடப் பெரிய கவலை. போல்ட் துளை பொருந்தினால் போதும் என்று மாட்டிவிடுவார்கள். நடுத்துளை ஹப்பில், அதாவது வீல் மாட்டுகிற அச்சு முனையில், சரியாக உட்கார வேண்டும். வீல் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்கிற ஆஃப்செட் சரியாக இருக்க வேண்டும். வெளியே துருத்துகிற வீல் ஒவ்வொரு குழியிலும் பேரிங்கை நெம்பும். என் மைத்துனர் தீவன மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இப்படித்தான் செய்தார். ஒரு வருடத்துக்குள் முன்சக்கரப் பேரிங் இரண்டு முறை போனது. இரண்டாவது முறை திருமயம் தாண்டி, ராத்திரி பத்து மணிக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங் ஆடிய ஆட்டம் இன்னும் கையில் இருக்கிறது.

நீங்கள் ஸ்டெப்னி பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நாலு வீல்தான் வருகிறது என்றால் ஐந்தாவது? சீமைக்கருவேல முள் குத்தி நடுவழியில் பின்டயர் போனால் ஒரு பக்கம் 774, மறுபக்கம் 704 என்று மாட்டி ஓட்டுவீர்கள். நேர்ரோட்டிலும், இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இப்போது பாரம். டயரில் அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும்: 100, 106, 112 என்று. அதுதான் சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950. 112 என்றால் 1,120. லோடு வண்டியில் கல்லின் எடை பெரும்பாலும் பின்னச்சில்தான் விழுகிறது. வெறும் வண்டியில் பின்னச்சு எடை 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 1,200 கிலோ கல். ஆக 1,900. குறியீடு 100 உள்ள இரண்டு டயர் 1,600-க்குத்தான் பொறுப்பு. பார்வைக்கு எவ்வளவு தடியாக இருந்தாலும் கணக்கு மாறாது. அளவுக்கு மீறினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், சித்திரை வெயிலில் வெடிக்கும். அந்த நாலு டயரும் சொகுசு வண்டிக்கானவையா, லோடு வண்டிக்கானவையா என்று பார்த்தீர்களா? எந்த வருடத்து டயர் என்று பார்த்தீர்களா? ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-வது வாரம்.

எந்த டயர் போட்டாலும் ஏற்றக்கூடிய பாரம் ஆர்சியில் எழுதியிருக்கிற மொத்த எடைக்குள்தான். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, கொண்டுபோய் நிறுத்தும்போது இந்த வீலோடு நிறுத்துவீர்களா?

அடி இடிக்கிறது என்றீர்களே, எது இடிக்கிறது? கீழே படுத்துப் பாருங்கள். சிராய்ப்பு சைலன்சரிலோ சேஸியிலோ இருந்தால் குற்றம் சக்கரத்தில் இல்லை. பின் ஸ்பிரிங் பட்டைகள் தணிந்துவிட்டன, அல்லது நீங்கள் பாரம் மீறுகிறீர்கள். பட்டையை மாற்றினால் வண்டி நிமிரும். பின்னச்சை மூடியிருக்கிற கூடே (ஹவுசிங்) இடிக்கிறது என்றால் டயர் மட்டும்தான் உயர்த்தும், உண்மை. அப்போதும் அதே ரிம்மில், உங்கள் மாடலுக்கு நிறுவனமே அனுமதித்த அளவைத் தாண்டாதீர்கள். உதாரணத்துக்கு, 235/75 ஆர்15-க்கே உயர்வு 15 மி.மீ.தான். அந்த 15 மில்லிமீட்டருக்கு நான் செலவழிக்க மாட்டேன். ஆர்சியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அந்த எடைக்குப் போதுமான சுமைக் குறியீடு உள்ள லோடு டயர் ஐந்து, புதிதாக வாங்குவேன்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வழுக்குகிற கல் அடுக்கின் மேல் நாலு பேரை உட்காரவைத்து ஓட்டுகிறீர்கள். ஒரு டயர் வெடித்தால், ஒரு பிரேக் அழுத்தினால், அவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? நாளைக் காலையிலிருந்து அவர்களுக்குப் பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள். கல் முன்னால் போய் இறங்கட்டும், ஆட்கள் அரைமணி பிந்தி வரட்டும்.