வாசகர் கேள்வி-பதில்: தொட்டியைக் கலைத்துவிடலாமா?

கேள்வி: 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 36 உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் நீர்த்தாவரங்களை நட்டு, மறுநாளே பத்து மீன்களை விட்டேன். மூன்று வாரங்களில் நான்கு மீன்கள் இறந்துவிட்டன. பல செடிகளின் இலைகள் கூழாகிக் கரைகின்றன. எஞ்சியவற்றின் மீது பச்சை இழைகள் படர்ந்திருக்கின்றன. விளக்கை நாள்தோறும் 12 மணி நேரம் எரியவிடுகிறேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கலாமா?

பதில்: கலைக்காதீர்கள். இந்த மூன்று வாரங்களில் உங்கள் வடிகட்டியின் பஞ்சிலும் அடிமணலிலும் கண்ணுக்குத் தெரியாமல் வளரத் தொடங்கியிருக்கும் பாக்டீரியாக்களே தொட்டியின் அடித்தளம். கலைத்தால் அவற்றையும் சேர்த்துக் கழுவிக் கொட்டிவிட்டு, முதல் நாளுக்குத் திரும்புவீர்கள்.

மீன்கள் இறந்ததற்குப் பெரும்பாலும் அம்மோனியாவே காரணமாக இருக்கும். மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட தீனியும் அழுகும் இலைகளும் அதை மேலும் கூட்டுகின்றன. ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருகுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நைட்ரைட்டும் நஞ்சுதான், அது மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடுவதால், நீரில் போதிய பிராணவாயு இருந்தும் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிக்கும். உங்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 65 லிட்டர்தான். மணலும் கல்லும் அடைத்துக்கொண்ட இடம் போக எஞ்சும் நீரில் பத்து மீன்களை ஒரே நாளில் விட்டது, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே விருந்தினரைப் பந்தியில் உட்காரவைத்தது போன்றது.

இப்போது செய்யவேண்டியது, சோதனைக் கரைசல் வாங்கி அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் நாள்தோறும் அளப்பதுதான். அவை தென்படும் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால், அதை முறிக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றவேண்டும். இல்லையெனில் மீன்களோடு பாக்டீரியாக்களும் பாதிக்கப்படும். இதே காரணத்தால் வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்துவிடுங்கள். இரண்டு அளவுகளும் பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரமேனும் அப்படியே நிற்கும்வரை புதிய மீன் வேண்டாம். தீனியையும் பாதியாகக் குறையுங்கள்.

இலைகள் கரைவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் நீர்த்தாவரங்களில் பல, வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலைகள் காற்றில் இருக்குமாறு வளர்க்கப்பட்டவை. காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் நெடுநாள் தாங்காது. அது அழிய, மெல்லிய புதிய இலைகள் நீருக்கடியில் முளைக்கின்றன. கிரிப்டோகோரைன் என்ற செடி இன்னும் ஒரு படி மேலே. இடம் மாற்றி நட்டாலே எல்லா இலைகளையும் உதிர்த்துவிட்டு, சில வாரங்கள் கழித்து வேரிலிருந்து துளிர்க்கும். செத்துவிட்டதென்று அதைப் பிடுங்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருவன். கூழான இலைகளை மட்டும் கத்தரித்து வெளியே எடுங்கள். உள்ளேயே விட்டால் அவையும் அம்மோனியாவாக மாறும். ஆனால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றை நட்டிருந்தால் உடனே பாருங்கள். கிடையாக வளரும் அவற்றின் தடித்த மட்டநிலத் தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுவதே முறை.

பச்சை இழைகளுக்குக் காரணம் அந்த 12 மணி நேர வெளிச்சம். ஒளி மிகுந்து, அதற்கேற்ற கார்பன் டை ஆக்சைடும் ஊட்டமும் செடிகளுக்குக் கிடைக்காதபோது அவை வளர்ச்சியில் தேங்குகின்றன. சொற்பத்தில் வாழத் தெரிந்த பாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நேரக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் பொருத்தி, வெளிச்சத்தை நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். பாசி அடங்கிய பிறகு எட்டு மணி நேரம் வரை மெல்லக் கூட்டலாம். ஜன்னல் வழியே நேரடி வெயில் விழுந்தால் திரையிடுங்கள். இழைகளை ஒரு பழைய பல் துலக்கியில் சுற்றி இழுத்தால் வந்துவிடும். கூடவே வேலம்பாசி போன்ற வேகமாக வளரும் செடிகளை நிறையப் போட்டால், அவை அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிப் பாசிக்குப் போட்டியாக நிற்கும். பாசிக்கொல்லி மருந்தை நான் பரிந்துரைப்பதில்லை. மென்மையான செடிகள் சிலவற்றையும் அது கெடுத்துவிடக்கூடும்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு உருளை கட்டாயம் தேவையா?

பதில்: மிதமான ஒளியில் வளரும் மேற்சொன்ன செடிகளுக்குத் தேவையில்லை. தரையில் கம்பளம் போலப் படரும் குட்டைச் செடிகளையும் செந்நிறச் செடிகளையும் பலத்த வெளிச்சத்தில் வளர்க்க விரும்பினால் அது பெரிதும் உதவும். நீரில் அதன் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டவிடாதீர்கள். இரவில் செடிகள் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதால் விளக்கோடு சேர்த்து அதையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: செடிகளோடு சிறு நத்தைகள் வந்துவிட்டன. கொன்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்கமீன்களோடு வாலிஸ்னேரியா செடியை வைத்து நடத்திய சோதனையை 1850இல் வெளியிட்டார். அழுகிய இலைகளால் நீர் கெடத் தொடங்கியபோது அவருக்குக் கைகொடுத்தவை நத்தைகளே. உங்கள் தொட்டியிலும் அவை அழுகலையும் பாசியையும்தான் மேயும். எண்ணிக்கை பெருகினால் தீனி மிகுதியாக விழுகிறது என்று பொருள். அதைக் குறைத்தால் நத்தைகளும் குறையும்.