சிந்தின ஒயிலுக்குத் தண்ணி அடிக்காதேங்கோ: கராஜ், மில் ஆக்களின்ர கேள்வியளுக்குப் பதில்

வன்னியில எரிபொருள் களஞ்சியத்திலயும் பெக்கோ (மண் தோண்டிற மெசின்) திருத்துற கராஜிலயுமா 22 வருசம் வேலை செய்தனான். ஒயில், டீசல் சிந்துறதைப் பற்றிக் கேளுங்கோ.

பரந்தன் தம்பி: அண்ணை, கராஜ் நிலத்தில 10 லீற்றர் டீசல் கவிண்டா முதல் என்ன செய்யிறது?

கவிண்ட கானை நிமிர்த்துங்கோ. கன பேர் துணி தேடி ஓடுவினம், கான் தன்ர பாட்டுக்கு ஊத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில வெல்டிங், கிறைண்டர் ஓடினா நிப்பாட்டுங்கோ. பிறகு டீசல் எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாருங்கோ. வயலுக்கு வரம்பு கட்டிற மாதிரி அதுக்கு முன்னால மணல் போட்டு மறியுங்கோ. வடிகாலுக்கோ கிணத்துப் பக்கமோ போகவிடக் கூடாது. மறிச்சாப் பிறகு, வெளி விளிம்பில இருந்து நடுவுக்கு மரத்தூள் தூவுங்கோ. ஊறினதை அள்ளி மூடியுள்ள பரலுக்குள்ள போட்டு, திரும்பத் தூவிக் கூட்டுங்கோ. கடைசியா நிண்ட வழுவழுப்பைச் சவுக்காரத் தூளும் தும்புக்கட்டையுமாத் தேய்ச்சு, துணியால ஒற்றி எடுங்கோ. தண்ணி அடிக்காதேங்கோ. டீசல் தண்ணியில மிதக்கும். 2 சதுர மீற்றரில கிடந்ததை நீங்களே வளவு முழுக்கக் கொண்டுபோய் விடுவியள்.

முறிகண்டி: மரத்தூள் இல்லை, உமி இருக்கு. சரிவருமா?

சரிவரும், ஆனா பச்சை உமி மெதுவாத்தான் உறிஞ்சும். தடிப்பாப் போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கோ. ஆறின உமிக்கரி அதைவிட நல்லா இழுக்கும்.

விசுவமடு மில்காரர்: எஞ்சின் சும்மா சொட்டுச் சொட்டாத்தான் விடுது. அடியில தட்டம் வச்சிருக்கிறன்.

கணக்குப் பார்ப்பம். சுமார் 20 சொட்டு ஒரு மில்லி லீற்றர். செக்கனுக்கு ஒரு சொட்டு எண்டால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, 4 லீற்றருக்கு மேல. தட்டம் நிரம்பி வழியிறதை இரவில ஆர் பார்க்கிறது? கேஸ்கட்டை மாத்துங்கோ. பரல் அடுக்கி வச்சிருந்தா, 2 மீற்றருக்கு 2 மீற்றர் இடத்தைச் சுத்தி 10 சென்ரிமீற்றர் உயரத்தில சீமெந்துக் கட்டு கட்டுங்கோ. 400 லீற்றர் கொள்ளளவு. நாலைஞ்சு பரல் பிடிக்கிற இடத்தைக் கழிச்சாலும், 210 லீற்றர் பரல் ஒண்டு வெடிச்சா உள்ளுக்கயே நிக்கும். மேல கூரை வேணும், இல்லாட்டி மாரியில மழைத்தண்ணி நிரம்பிப்போம்.

புதுக்குடியிருப்பு: பெக்கோவில ஹைட்ரோலிக் ஹோஸ் எங்கயோ கசியுது. கையால தடவிப் பார்த்தும் இடம் பிடிபடேல்லை.

தம்பி, இண்டையோட அந்தப் பழக்கத்தை விடுங்கோ. கார் ரயரில 2 பார் அளவுதான் அமுக்கம். பெக்கோவின்ர ஹைட்ரோலிக்கில 200 பாருக்கு மேல போகும். ஊசிமுனை ஓட்டையால வாற ஒயில் கண்ணுக்குத் தெரியாது, கையுறையையும் தோலையும் துளைச்சு உள்ள போயிடும். என்னோட நிண்ட ஒரு பெடியனுக்கு அப்பிடி நடந்தது. சுட்டுவிரல் நுனியில நுளம்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி. நோகேல்லை எண்டு வேலையைத் தொடர்ந்தான். பின்னேரம் விரல் வெளிறி வீங்கி, இரவு உள்ளங்கை மட்டும் வந்திட்டுது. சத்திர சிகிச்சை செய்தும் விரலின்ர பாதி போனது. புள்ளி சின்னன் எண்டு நினைக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. "அமுக்கத்தோட ஒயில் உள்ள போட்டுது" எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ, வெளியில பார்த்தா அவருக்கும் சின்னக் காயமாத்தான் தெரியும். கசிவு தேட காட்போட் மட்டை ஒண்டைத் தடியில கட்டி, தள்ளி நிண்டு பிடியுங்கோ. ஈரம் படுற இடம்தான் ஓட்டை. கழட்ட முதல் எஞ்சினை நிப்பாட்டி, பக்கெற்றை நிலத்தில இறக்கி, அமுக்கத்தை விடுங்கோ.

மல்லாவி: டீசல் சிந்தின இடத்தைப் பைப்பால கழுவினாப் போகாதா?

போகும். உங்கட கிணத்துக்குப் போகும்.

ஓமந்தை: வானுக்கு எந்த ஒயில் நல்லம்?

வானோட வந்த புத்தகத்தைப் பாருங்கோ.

கிளிநொச்சி: 2022இல வரிசையில நிண்டு சேர்த்த பெற்றோல் கடை அறைக்குள்ள தண்ணிப் போத்தலுகளில இருக்கு.

இண்டைக்கே வெளியால எடுங்கோ. டீசல் தீப்பிடிக்கச் சூடு வேணும். பெற்றோலின்ர ஆவி எந்த வெயிலிலயும் குளிரிலயும் பத்தும். அந்த ஆவி காத்தைவிடப் பாரம், நிலத்தோட ஊர்ந்து அடுப்படிக்குப் போகும். அந்த அறையில மணத்தால் சுவிட்சைத் தொடாதேங்கோ.

நெடுங்கேணி ஐயா: வேலிக் கட்டைக்கு நாங்கள் காலங்காலமாக் கழிவு ஒயில் பூசிறனாங்கள். கறையான் வராது. அதுவும் பிழையோ?

ஐயா, காய்ஞ்ச கட்டையில மெல்லிசாப் பூசிறது வேற, நட்ட குழிக்குள்ள ஊத்திறது வேற. ஊத்தினது மாரிக்கு நிலத்தடிக்கு இறங்கும்.

ஒட்டுசுட்டான்: குழிக்குள்ள ஊத்தாட்டி அடிக்கட்டையைக் கறையான் விடுமே? அண்ணை வயல் செய்து பார்க்கேல்லைப் போல.

முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ எங்களுக்கும் வயல் இருந்தது தம்பி.

நெடுங்கேணி ஐயா: பாலைக் கட்டையும் வைரப் பனையும் போட்டா ஒயிலே தேவையில்லை, அது உண்மைதான். இப்ப பாலை எங்க கிடைக்குது?

ஒட்டுசுட்டான்: அதைத்தான் சொல்லுறன். கிடைக்கிற கட்டைக்கு என்ன வழி?

அடிக்கட்டைக்குச் சுத்திவரச் சீமெந்து போடலாம், இல்லாட்டிச் சீமெந்துத் தூண். செலவு கூடத்தான், அதை மறுக்கேல்லை. ஆனா கழிவு ஒயிலில எஞ்சின் தேய்ஞ்ச உலோகமும் புற்றுநோய் தாற பொருளும் கிடக்கு. மாடு அந்தக் கட்டையில உரசும், நக்கும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில கிணறுகளுக்குள்ள எண்ணெய் வந்ததை எல்லாரும் அறிஞ்சனாங்கள். 2019இல உயர் நீதிமன்றம் அங்கத்தைய மின் நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அந்தச் சனம் கிணத்தடியில நிண்டுகொண்டு பவுசர் தண்ணிக்குக் காத்திருந்ததுகள். எனக்கு அதுதான் மனசில நிக்குது.

துணுக்காய்: பிறஷர் வோஷரால அடிச்சா நல்லாப் போகுமே அண்ணை?

மேல மல்லாவிக்குச் சொன்னதை வாசியுங்கோ. தண்ணி அடிக்காதேங்கோ.

மாங்குளம் தங்கச்சி: சாப்பாட்டுக் கடைக் குசினியில தேங்காயெண்ணெய் சிந்தி ஒராள் விழுந்திட்டார்.

கதிரை வச்சு வழியை மறியுங்கோ, மா அல்லது ஆறின சாம்பல் தூவி அள்ளுங்கோ. பிறகு சுடுதண்ணியும் சவுக்காரமும். சமையல் எண்ணெய்க்கு மட்டும்தான் இது.

பூநகரி: அண்ணை, கராஜுக்குப் பின்னால 10 வருசமா ஒயில் ஊத்தின குழி ஒண்டு இருக்கு. கிணறு 15 மீற்றரில. இப்ப என்ன செய்யிறது?

கேட்டதுக்கு நன்றி தம்பி. கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறதை இண்டைக்கே நிப்பாட்டி, பரிசோதனைக்குக் குடுங்கோ. மாரிக்கு முதல் குழியைத் தறப்பாளால மூடி, மழைத்தண்ணி இறங்காமல் சுத்தி வரம்பு போடுங்கோ. கறுத்த மண்ணைத் தோண்டிப் பரலில போட்டுக் கூரைக்குக் கீழ வையுங்கோ. வேற இடத்தில கொட்டாதேங்கோ. இனி வாற கழிவு ஒயிலை, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர உரிமம் உள்ள ஆக்களிட்ட மட்டும் குடுங்கோ. தோண்டத் தொடங்கேக்க சொல்லுங்கோ, நான் வந்து நிக்கிறன்.