ஆரம் பாலீஷுக்குப் போயிருக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு 29 வயது. கொண்டலாம்பட்டியில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருக்கிறேன். நான்கு வருடமாக பைக் ரேஸ் ஓட்டுகிறேன். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை இருங்காட்டுக்கோட்டை இரண்டு டிராக்கிலும் ஓட்டியிருக்கிறேன். மனைவி வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை வைக்கிற வேலை செய்கிறாள். மகளுக்கு இரண்டு வயது.

போன சீசனில் டயர், லெதர் சூட், என்ட்ரி ஃபீஸ், வண்டியைக் கொண்டுபோகிற வாடகை என்று 1,80,000 ரூபாய் ஆனது. பரிசாக வந்தது 14,000. மனைவியின் நாலு பவுன் ஆரத்தை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்திருக்கிறேன். பாலீஷுக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சீசனில் ஜெயித்தால் மீட்டுவிடுவேன்.

ஐரோப்பாவில் மண் தடத்தில் ஓட்டும் ஸ்பீட்வே ரேஸை போனில் பார்க்கிறேன். அங்கே புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் தருகிறார்கள். நம் ஊரில் அது ஏன் வரவில்லை? நரேன் கார்த்திகேயன் வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தால் ஃபார்முலா ஒன் போயிருப்பாரா? தியாகம் இல்லாமல் லட்சியம் உண்டா? குடும்பம், பணம், லட்சியம் மூன்றையும் எப்படித்தான் சமாளிப்பது? விடியற்காலையில் ஏற்காடு மலைப்பாதையில் பயிற்சி எடுக்கிறேன். சாப்பாட்டு முறை பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சு.
சேலம்

*

அன்புள்ள தம்பி சு.,

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணிலிருந்து அப்பாவின் டூல்பாக்ஸை இறக்கினோம். மூடியைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. அப்பா வண்டியை நிறுத்தி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வாசனை போகவில்லை. அதற்கு மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சின்ன விஷயங்கள். சாப்பாட்டு முறையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் ஏன் அந்த மண் தட ஸ்பீட்வே ரேஸ் இல்லை என்று நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஏற்காடு மலைப்பாதையை அப்படி விட முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவு. விடியற்காலையில் அந்த வழியாக எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் நடந்து வருகிறார்கள். பஸ் ஒரு வளைவில் திரும்பினால் ரோடு முழுவதும் அதற்கே வேண்டும். ரேஸ் டிராக்கில் நீங்கள் விழுந்தால் வழுக்கிக்கொண்டு போக வெளியே இடம் இருக்கிறது, கொடி காட்ட ஆள் நிற்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. மலையில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முட்டளவு கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் பள்ளம். அங்கே நீங்கள் எடுப்பதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள். தலையில் விறகுக்கட்டோடு வருகிற கிழவிக்கு உங்கள் லட்சியம் தெரியாது. நாளையிலிருந்து போகக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரி, ஆரத்துக்கு வருகிறேன்.

கொலுசு வேலை செய்கிற பெண்ணிடம் போய்ப் பாலீஷ் என்று சொல்லியிருக்கிறீர்களே, தம்பி! அவர் கையில் தினமும் வெள்ளி புழங்குகிறது. உருப்படி பட்டறைக்கு எப்போது போகும், மெருகு ஏறி எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். நாலு பவுன் ஆரத்துக்குப் பாலீஷ் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் இதுவரை கேட்கவில்லை என்றால் நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் சலங்கை வைத்துக்கொண்டே காத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் அது சங்கிலி.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் லேத் வைத்திருந்தார். ஒரு பழைய ஜாவா வாங்கினார். மைசூரில் செய்தது, 250 சிசி, இரண்டு பக்கமும் சைலன்சர். அதன் ஹெட்லைட்டையும் மட்கார்டையும் கழற்றிவிட்டு வருடத்துக்கு ஒரு முறை சோழவரம் போவார். சென்னைக்கு வடக்கே, உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் அப்போது ரேஸ் நடக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கெல்லாம் 1990இல்தான் வந்தது. சேலத்திலிருந்து வண்டி லாரியில் போகும், ஜவ்வரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு. திரும்பி வரும்போது சீட், டேங்க் எல்லாம் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். விளக்கெண்ணெயில் செய்த ரேஸ் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பார். அது லேசில் கலக்காது, நின்றால் பிரிந்துவிடும். கேனைக் குலுக்குவது என் வேலை. ஓட்டி முடித்ததும் உடனே கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே பிசின் மாதிரி படிந்துவிடும். நீங்கள் போனில் பார்க்கிற ஸ்பீட்வே வண்டிகள் மெத்தனாலில் ஓடுபவை. அவற்றுக்கும் விளக்கெண்ணெய் ஆயில்தான் வழக்கம். போனில் அந்த வாசனை வந்திருக்காது.

1976இல் எனக்கு ஒன்பது வயது. அத்தை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா இரட்டைவடச் சங்கிலியைக் கேட்டார். "கண்ணி விட்டுப்போச்சு, ஆசாரிகிட்ட பத்த வைக்கக் குடுத்திருக்கேன்" என்றார் அப்பா. மறுநாள் காலை அவர் லேத்துக்குப் போனதும், நாமே வாங்கி வந்துவிடலாம் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆசாரி கடைக்குப் போனார். ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "இங்க எதுவும் வரலியேம்மா" என்றார். கடையில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார்கள். "அப்படியா, நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கினார். வழியில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினார். பேரம் பேசவில்லை. எதையும் பேரம் பேசாமல் அவர் வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கல்யாணத்துக்கு வெறும் மஞ்சள் கயிறோடு போனார். யார் கேட்டாலும் புண்ணாக இருக்கிறது என்று சொன்னார். அப்பாவின் பொய்யைக் காப்பாற்ற அம்மா ஊர் முழுவதும் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனை வருடம் கழித்தும் என்னால் இதைத்தான் தாங்க முடியவில்லை. சங்கிலி போனது ஒன்றுமில்லை.

தியாகம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய தியாகம்? தன்னுடையதை ஒருவர் கொடுத்தால் அதற்குத் தியாகம் என்று பெயர். அவரைக் கேட்காமல் அவருடையதை எடுத்தால் அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது. உங்கள் மனைவி தியாகம் செய்யவில்லை, தம்பி. செய்வதற்கான வாய்ப்பை நீங்கள் அவருக்குக் கொடுக்கவே இல்லை. கொடுத்திருந்தால் அவரே கழற்றித் தந்திருக்கவும் கூடும்.

நரேன் கார்த்திகேயனை வேறு இழுக்கிறீர்கள். 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டி ஃபார்முலா ஒன்னில் இந்தியாவின் முதல் ஆளாக இடம் பிடித்தவர், நம் பக்கத்து ஊர்க்காரர், பெருமைதான். ஆனால் அவருடைய அப்பாவே ராலி ஓட்டிய ஆள். அந்த வீட்டில் டயர் என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டின் வசதி உங்களுக்கு வராது. வீட்டில் மறைக்காமல் செலவு செய்வதற்கு வசதி தேவையில்லையே.

ஸ்பீட்வே பார்க்கிறீர்கள் அல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். ஒரே கியர், பிரேக் கிடையாது, இடப்பக்கமாகவே வளைந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முதலில் வந்தவருக்கு மூன்று புள்ளி, அடுத்து இரண்டு, அடுத்து ஒன்று. கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை. புள்ளிக்குப் பணம் என்பது வரை பார்த்துவிட்டீர்கள். கடைசியாக வந்தவனும் அதே டயரைத் தேய்த்திருக்கிறான், அதே மெத்தனாலை எரித்திருக்கிறான். வண்டி அவனுடையது, வேன் அவனுடையது, மெக்கானிக்கின் கூலியும் பெரும்பாலும் அவன் பையிலிருந்துதான். இங்கிலாந்தில் ஒரு நாள், ஸ்வீடனில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை போலந்து என்று வாரம் முழுக்க ஓடுகிறான். தோள்பட்டை எலும்பு உடைந்தால் புள்ளியும் இல்லை, பணமும் இல்லை. அந்த மாதம் வீடு எப்படி நடந்தது என்பதை வீட்டில் இருந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஐவன் மேஜர் (Ivan Mauger) என்று ஒருவர் இருந்தார், நியூசிலாந்து ஸ்பீட்வே வீரர். 1950களின் கடைசியில், இருபது வயதுகூட ஆகாத பையன், புது மனைவி ரேயோடு கப்பலேறி இங்கிலாந்து போனார். விம்பிள்டன் அணியில் சேர்ந்தும் சரியாக எடுபடவில்லை. ஊர் திரும்பினார்கள். அங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் ஓட்டித் தேறி, 1963இல் குடும்பத்தோடு மறுபடி இங்கிலாந்து போய் நியூகாசில் அணிக்கு ஓட்டினார். முதல் உலகப் பட்டம் 1968இல்தான் கிடைத்தது. மொத்தம் ஆறு பட்டம், கடைசிப் பட்டம் 1979இல், 39 வயதில். உங்களுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கப்பலில் இரண்டு பேர் ஏறினார்கள், தோற்றுத் திரும்பியதும் இரண்டு பேரும் சேர்ந்தேதான். வாங்கிய அடி இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. மறுபடி கிளம்புகிறபோது எதற்குக் கிளம்புகிறோம் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். கல்யாணத்திலிருந்து திரும்பிய ராத்திரி, அம்மா பால்கணக்கு நோட்டைத் திருப்பி வைத்து, கடைசிப் பக்கத்தில் மேலே "வண்டி" என்று எழுதினார். அடகுச் சீட்டு எங்கே என்று கேட்டார். அப்பா டூல்பாக்ஸின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சீட்டு எண்ணெயில் ஊறிப்போய், மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. அம்மா அதை விளக்கில் காட்டி, தொகை, வட்டி, தேதி மூன்றையும் எழுதிக்கொண்டார். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. "இனிமே எதுவா இருந்தாலும் இதுல வரணும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பா ஐந்து வருடம் ஓட்டினார். நீங்கள் நிறுத்திவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். அம்மா ஒரு நாளும் நிறுத்தச் சொல்லவில்லை. லாரிக் கூலி, ஸ்பார்க் பிளக், செயின், க்ளட்ச் பிளேட் எல்லாம் அம்மா கையெழுத்தில் அந்த நோட்டில் இருக்கிறது. ஒரு வருடம் டயர் வாங்கப் பணம் பற்றாமல் போனபோது அம்மாவே ஏலச்சீட்டு எடுத்துக் கொடுத்தார். இன்னொரு வருடம் எனக்கு டைஃபாய்டு, அந்தப் பக்கத்தில் வண்டிச் செலவு எதுவும் இல்லை. முதல் மூன்றுக்குள் அப்பா வந்தது ஒரே ஒரு தடவை. அந்தத் தேதிக்கு நேரே, பணம் எழுதுகிற இடத்தில், "மூணாவது. கப் சின்னது" என்று அம்மா எழுதியிருக்கிறார்.

1981இல் அப்பா ஒரு சாயங்காலம் தானே உட்கார்ந்து ஐந்து வருடத்தையும் கூட்டினார். கூட்டி முடித்ததும் நோட்டை அம்மா பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள். அடுத்த வருடம் லேத்துக்கு இன்னொரு மிஷின் வந்தது. ஜாவா வீட்டுப் பின்கட்டில் நின்றது. ஆயுத பூஜைக்கு மட்டும் அந்த ஆயிலைக் கலந்து ஒரு தடவை ஸ்டார்ட் செய்வார். அதற்கான ஆயில் செலவையும் அம்மா எழுதி வைத்திருக்கிறார், 1994 வரை.

அதனால் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று இப்போதே என்னைக் கேட்காதீர்கள். ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள். 1,80,000 செலவையும் 14,000 வரவையும் எழுதுங்கள். எனக்கு எழுதிய அதே தைரியத்தோடு மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டை எடுத்து வையுங்கள். அவர் சண்டை போடட்டும், நாலு நாள் பேசாமல் இருக்கட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. குறுக்கே பேசாதீர்கள். "அடுத்த சீசனில் ஜெயித்தால்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அந்தப் பேச்சை அவர் முன்பே கேட்டிருப்பார். பேனாவை அவரிடம் கொடுங்கள்.

ரேஸை விடுவதா வேண்டாமா என்பதை அதற்கு அப்புறம் பேசுவோம். அடுத்த கடிதத்தில் அவரும் இரண்டு வரி எழுதினால் எனக்குச் சந்தோஷம்.

இன்னொன்று. தொகையை எழுதியிருக்கிறீர்கள், பவுனை எழுதியிருக்கிறீர்கள். ஆரத்தை மீட்க வேண்டிய கடைசித் தேதி எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்றைக்கே சீட்டை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா