கிளை நூலகருக்கு எந்தப் பயிற்சி உதவும்?

கேள்வி: வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக மூன்றாம் நிலை நூலகராக இருக்கிறேன். பி.ஏ. முடித்து, நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பும் படித்தவள். வேலைக்கு வந்தபின் உருப்படியான பயிற்சி எதுவும் அமையவில்லை. "கோஹா என்ற நூலக மென்பொருளைக் கற்றுக்கொள்" என்கிறார் ஒருவர், "தபாலில் பட்டம் வாங்கு" என்கிறார் இன்னொருவர். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் விடுமுறை. ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேசினால் வேகம் பிடிபடாது. கையில் அதிகம் பணமும் இல்லை. எதில் தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேசை இழுப்பறையில் வையுங்கள். ஒரு மாதம், உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியையும் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய கேள்வியையும் அதில் குறியுங்கள். தேதி, கேள்வி, நீங்கள் சொன்ன பதில் இவ்வளவு போதும். வாசகர் பெயர் வேண்டாம். கிளை நூலகத்தில் இருந்த காலத்தில் நான் இதைச் செய்தேன். "சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?", "மூணாங்கிளாஸ் படிக்கிறான், இன்னும் எழுத்துக் கூட்டத் தடுமாறுறான், ஏதாவது புத்தகம் இருக்கா?", "பார்வை மங்கிடுச்சும்மா, பெரிய எழுத்துல கதை கிடைக்குமா?" என்று நோட்டு நிறைந்தது. அதில் பாதிக்குமேல் அலமாரிக்குள் பதில் இல்லாத கேள்விகள். எந்தப் பயிற்சி தேவை என்று வேறு யாரிடமும் கேட்கவேண்டிய அவசியம் அதன் பிறகு எனக்கு வரவில்லை.

அடுத்தது, வெள்ளிக்கிழமைகள். மாதத்தில் ஒன்றை மட்டும் வேறொரு நூலகத்துக்குப் போக ஒதுக்குங்கள். இந்திய நூலக அறிவியலின் முன்னோடியான எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அவர் கணித ஆசிரியர், நூலகப் பயிற்சி பெற்றவரல்ல. லண்டனுக்குப் படிக்கப் போனவர், வகுப்போடு நிற்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபின், 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக மறு ஆண்டே இங்கே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பும் ஆரம்பித்தார். நம் தொழிலின் பள்ளிக்கூடம் இந்த ஊரில் இப்படித்தான் பிறந்தது.

உங்களுக்கு லண்டன் வேண்டாம், பேருந்துக் கட்டணம் போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் இரண்டு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். பிள்ளைகள் எந்த அடுக்கை நோக்கி ஓடுகிறார்கள், எதை எடுத்த வேகத்தில் திரும்ப வைக்கிறார்கள் என்று பாருங்கள். அதே கட்டடத்தில் பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. உங்கள் கிளையில் இல்லாத பழைய நூலை வாசகர் கேட்டால், "இல்லை" என்று சொல்வதற்கும் "கன்னிமாராவில் இன்ன பிரிவில் கேளுங்கள்" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதைச் சொல்ல நீங்கள் ஒரு தடவையாவது அங்கே தேடிப் பார்த்திருக்க வேண்டும். பழந்தாளைப் பாதுகாப்பது பற்றிப் பார்க்க விரும்பினால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எங்கே போவதாக இருந்தாலும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, "நானும் நூலகர்தான்" என்று சொல்லுங்கள். கதவு தானாகத் திறக்கும்.

கோஹாவைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நியூசிலாந்தில் ஒரு சிறிய பொது நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த, நூற்பட்டியலையும் நூல் வழங்குவதையும் கவனிக்கும் திறந்த மூல மென்பொருள் அது. விலை கிடையாது. ஆனால் பணம் கட்டி வகுப்பில் சேர்வதற்கு முன், இணையத்தில் உள்ள மாதிரித் தளத்தில் கைவைத்துப் பாருங்கள். அங்கே பதிவதை அவ்வப்போது அழித்துவிடுவார்கள் என்பதால் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயமே வேண்டாம். உங்கள் அலமாரியிலிருந்து ஐம்பது தமிழ் நூல்களை ஏற்றுங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் எண் இட்ட ஒரு கட்டம் உண்டு, அதைப் புலம் என்பார்கள். ஆசிரியர் 100ஆம் புலம், தலைப்பு 245, நூலைப் பாடவாரியாக வகைப்படுத்தும் டூயி எண் 082. இரண்டு நாளில் விரல் பழகிவிடும்.

சிக்கல் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. புதுமைப்பித்தன் என்று ஒரு நூலில் இருக்கும், சொ. விருத்தாசலம் என்று இன்னொன்றில் இருக்கும். இருவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆசிரியருக்கென்று தனிப் பதிவு ஒன்றை உருவாக்கி, புழக்கத்தில் உள்ள பெயரை 100இலும் மற்றப் பெயரை 400இலும் கொடுத்து, அதற்கான தேடல் அமைப்பையும் இயக்கி வைத்தால், வாசகர் எந்தப் பெயரைத் தட்டினாலும் எல்லா நூலும் வரும். முன்னெழுத்தும் புனைபெயரும் நிறைந்த தமிழில் இந்த ஒரு வேலையை நன்றாகத் தெரிந்த நூலகர் எந்த நூலகத்துக்கும் பொக்கிஷம். கூடவே, தட்டச்சு எப்போதும் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதில் எதைத் தேடினாலும் கிடைக்காது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்வேன். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருளை நூலகக் கணினியில் நிறுவுங்கள். இலவசம், தமிழும் வாசிக்கும். பிறகு திரையை அணைத்துவிட்டு, சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் ஒரு செய்தியைத் தேடிப் படியுங்கள். எனக்கு முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆனது. பார்வையற்ற மாணவர் ஒருவர் படியேறி வரும்போது அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களைத் தரும், 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அவர் உறுப்பினராகச் சேர நீங்களே கூட இருந்து உதவலாம்.

இணையப் பாடங்களில் வெப்ஜங்ஷன் பொது நூலகப் பணியாளர்களுக்காகவே ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு நடத்துவது, கட்டணம் இல்லை. பேசும் வேகம் பிடிபடவில்லை என்கிறீர்கள். பதிவு செய்த வகுப்புகளோடு வரும் ஸ்லைடுகளை முதலில் வாசித்துவிட்டுப் பிறகு காணொளியை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். உதாரணங்கள் அமெரிக்க நூலகங்களுடையவை. கதை நேரம் நடத்துவது, கோபத்தில் வரும் வாசகரைச் சமாளிப்பது போன்ற பாடங்கள் இங்கும் அப்படியே பொருந்தும். பாடநூல் தரத்தில் வேண்டுமென்றால் முதுநிலைப் பாடங்களுக்கான இ-பிஜி பாடசாலா தளத்தில் நூலக அறிவியல் தாள்கள் முழுமையாக இருக்கின்றன. மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயமில் படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

பட்டம் பற்றி: பி.ஏ. இருப்பதால் நூலக அறிவியல் இளநிலைப் பட்டமான பி.எல்.ஐ.எஸ். ஓராண்டுப் படிப்பு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) நடத்துகிறது. முதுநிலைப் பட்டமான எம்.எல்.ஐ.எஸ். அதற்கு அப்புறம். பதவி உயர்வுக்குப் பட்டம் தேவை என்றால் தயங்காமல் சேருங்கள், ஆனால் சேருவதற்கு முன்பே மாவட்ட நூலக அலுவலகத்தில் எழுத்து மூலம் முன் அனுமதி வாங்கிவிடுங்கள். தேறிய பிறகு அனுமதிக்கு அலைந்து, பணிப்பதிவேட்டில் ஏற்ற முடியாமல் தவித்த இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும். தொலைநிலைப் படிப்பு எதுவானாலும் அந்த ஆண்டுச் சேர்க்கைக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை உங்கள் அதிகாரியிடம் கொண்டுபோங்கள். "பயிற்சி வேண்டும்" என்று பொதுவாக எழுதும் விண்ணப்பம் கோப்பில் தூங்கும். "இந்த மாதம் எங்கள் கிளையில் இத்தனை பேர் இதைக் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்ன பயிற்சிக்கு இரண்டு நாள் அனுப்புங்கள்" என்று எழுதினால் அதை ஒதுக்குவது கடினம். 1972இல் கொல்கத்தாவில் அமைந்த ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை பொது நூலகங்களின் கருத்தரங்குகளுக்கும் பயிலரங்குகளுக்கும் நிதி உதவுகிறது. பக்கத்துக் கிளை நூலகர்கள் நான்கைந்து பேர் இதே நோட்டைப் போட்டுக் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், சென்னையிலேயே உங்களுக்காக ஒரு பயிலரங்கு நடத்தக் கேட்பதற்கு அதுவே ஆதாரம்.