வெள்ளைக் கோடு, மங்கிய கறுப்பு, பச்சை முகம்: வீட்டு இங்க்ஜெட் பிரின்டர் கேள்வி பதில்

எல்லாக் கேள்விக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அச்சு சரியில்லை என்றால் முதலில் நாசில் செக் தாள் ஒன்று எடுங்கள். தாளில் மையைத் தெளிக்கும் பாகம்தான் ஹெட், அதில் உள்ள நுண்துளைகள் நாசில். எந்தத் துளை மை விடவில்லை என்று காட்டும் சோதனைத் தாள் இது. விண்டோஸில் பிரின்டரின் பிரின்டிங் பிரிஃபரன்சஸைத் திறந்தால் பெரும்பாலும் மெயின்டனன்ஸ் என்ற பக்கத்தில் இருக்கும். நான்கு நிறமும் (கறுப்பு, நீலச் சாயலுள்ள சயான், இளஞ்சிவப்புச் சாயலுள்ள மெஜந்தா, மஞ்சள்) இடைவெளி இல்லாமல் முழுசாக வந்திருந்தால் ஹெட்டில் குற்றமில்லை. அப்போது கிளீனிங் போடுவது மையை வீணாக்கும் வேலை.

ரெண்டு மாசமா பிரின்டரைத் தொடவே இல்லை. இப்ப எழுத்துக்கு நடுவுல வெள்ளைக் கோடா வருது. டேங்க்ல மை நிறைய இருக்கு. ஹெட் கிளீனிங் ஆறு தடவை போட்டாச்சு, இன்னும் போடலாமா அண்ணா? ஹெட்டைக் கழற்ற முடியாத வகை.

வேண்டாம், நிறுத்துங்கள். கிளீனிங் போடும்போது ஹெட்டுக்குக் கீழே உள்ள ரப்பர் மூடி வழியாக பம்ப் மையை உறிஞ்சி, அடியில் இருக்கும் வேஸ்ட் இங்க் பேடில், அதாவது கழிவு மையை உறிஞ்சி வைக்கும் பஞ்சில், விடுகிறது. காய்ந்த மை இளகுவதற்கு நேரம் வேண்டும். அவகாசம் கொடுக்காமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் நாசிலுக்குள் காற்றும் புகுந்துவிடும்.

ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். இப்படி 3 முறை, அவ்வளவுதான். பிறகு பிரின்டரை அணைத்து 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். எப்சன் டேங்க் பிரின்டர்களின் கையேடும் இதைத்தான் சொல்கிறது. கேனான் ஜி வரிசையில் டீப் கிளீனிங் (சாதாரண கிளீனிங்கைவிட வலுவானது) போட்டும் சரியாகவில்லை என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி போட வேண்டும்.

எடுத்த 3 தாள்களையும் தூக்கிப் போடாதீர்கள், வரிசையாக வைத்துப் பாருங்கள். இடைவெளி மூன்றிலும் ஒரே இடத்தில் என்றால் அங்கே மை காய்ந்திருக்கிறது. தாளுக்குத் தாள் இடம் மாறினால் அது காற்று. அதற்கு மருந்து ஓய்வுதான்.

12 மணி நேரம் விட்டுப் பார்த்தேன். கறுப்பு வந்துடுச்சு, மெஜந்தா பாதிதான். பவர் கிளீனிங்னு ஒண்ணு இருக்கே, அதைப் போடட்டுமா?

போடலாம், ஆனால் எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு. குழாயில் நிற்கும் மையையே மொத்தமாக இழுத்து வெளியேற்றும் வேலை இது. டேங்கில் மை குறைவாக இருந்தால் மைக்குப் பதில் காற்று குழாய் முழுக்க ஏறிவிடும். ஒரு முறை போட்டால் அடுத்ததற்கு மறுபடி 12 மணி நேர இடைவெளி வேண்டும். இதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்.

சிரிஞ்சில் ஸ்பிரிட்டை ஏற்றி ஹெட்டில் அடிக்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஹெட்டில் செருகியிருக்கும் ரிப்பன் கேபிள் முனையில் ஈரம் இறங்கினால் ஷார்ட் ஆகி மெயின் போர்டும் சேர்ந்து போகும். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அதில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பசையையும் கரைத்துவிடும்.

எங்க வீட்ல இருக்கிறது கார்ட்ரிட்ஜ் மாத்துற சின்ன பிரின்டர். கறுப்பு சுத்தமா வரல. புதுசு வாங்கித்தான் ஆகணுமா சார்?

அவசரப்பட வேண்டாம். எச்பி 803, 805 மாதிரியான கார்ட்ரிட்ஜ்களில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. டேங்க் பிரின்டரில் பயந்து செய்கிற வேலையை இதில் தைரியமாகச் செய்யலாம். கெட்டால் கார்ட்ரிட்ஜ் மட்டும்தான் கெடும், பிரின்டர் அல்ல.

பஞ்சு பிரியாத துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நான்காக மடித்துத் தட்டில் வையுங்கள். கார்ட்ரிட்ஜின் நாசில் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் 1 முதல் 2 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு உலர்ந்த துணியில் லேசாக ஒற்றி எடுங்கள். கறுப்பு அழுத்தமான ஒரே பட்டையாகப் பதிந்தால் வழி திறந்துவிட்டது. கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தேய்க்காதீர்கள், ஒரு நிறம் பக்கத்து நாசிலுக்குள் போய்விடும்.

செம்பு நிறத்தில் உள்ள மின்தொடு புள்ளிகளை டிஸ்டில்டு வாட்டர் தொட்ட துணியால் துடைத்து, 10 நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். கார்ட்ரிட்ஜை 30 நிமிடத்துக்கு மேல் வெளியே வைத்திருந்தால் நாசில் மறுபடி காய ஆரம்பிக்கும்.

சாதாத் தாள்ல கறுப்பு எழுத்து மங்கலா வருது. போட்டோ பேப்பர்ல எடுத்தா கறுப்பு அட்டகாசமா இருக்கு. என்ன மாயம் இது?

மாயம் இல்லை. உங்களுடையது கறுப்புக்குப் பிக்மென்ட் மையும் (நிறம் நுண்துகள்களாக மிதப்பது), மற்ற நிறங்களுக்கு டை மையும் (நிறம் முழுதாகக் கரைந்திருப்பது) ஊற்றுகிற மாடலாக இருக்க வேண்டும். பிக்மென்ட் மை பளபளப்பான தாளில் ஒட்டாது. ஆகவே போட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்ததும் பிரின்டர் கறுப்பு டேங்கை விட்டுவிட்டு சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து கறுப்பை உண்டாக்குகிறது. ஆக, உங்கள் கலர் ஹெட் நன்றாக இருக்கிறது, கறுப்பு ஹெட்தான் அடைத்திருக்கிறது. கறுப்புக்கு மட்டும் கிளீனிங் போடுங்கள். கலர் மை மிஞ்சும்.

அவசரமாக ஒரு விண்ணப்பம் எடுத்தாக வேண்டுமா? சாதாத் தாளை வைத்துக்கொண்டே செட்டிங்கில் போட்டோ பேப்பர் என்று கொடுங்கள். மை கூடுதலாகச் செலவாகும், வேலை நடந்துவிடும்.

பிள்ளைங்க போட்டோ எடுத்தா முகமெல்லாம் பச்சை அடிக்குது.

மெஜந்தா வரவில்லை. சயானும் மஞ்சளும் மட்டும் சேர்ந்தால் பச்சைதான் வரும். அதேபோல சயான் போனால் படம் செம்மஞ்சளாகும், மஞ்சள் போனால் நீலம் பாயும். நாசில் செக்கில் மெஜந்தா முழுசாக இருந்தும் முகம் பச்சை என்றால், தாள் வகை செட்டிங்கைப் பாருங்கள். அதுவும் சரி என்றால், கடைசியாக மை ஊற்றியவர் எந்தப் பாட்டிலை எந்த டேங்கில் ஊற்றினார் என்று விசாரியுங்கள்.

நாசில் செக் பக்கா. ஆனா டேபிள்ல நெட்டுக்கோடு மட்டும் உடைஞ்சு உடைஞ்சு, ரெண்டு ரெண்டா தெரியுது.

ஹெட் போகும்போதும் அச்சிடுகிறது, வரும்போதும் அச்சிடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் விழாததால்தான் கோடு பிளக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் விழச் செய்யும் ஹெட் அலைன்மென்ட் ஓட்டுங்கள். ஹை ஸ்பீடு அல்லது பைடைரக்ஷனல் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். கோடு நேரானால் காரணம் அதுவேதான்.

அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை என்றால் என்கோடர் ஸ்ட்ரிப்பைக் கவனியுங்கள். ஹெட்டுக்குப் பின்னால் இடமிருந்து வலமாக இழுத்துக் கட்டியிருக்கும் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டை அது. அதில் உள்ள நுண்கோடுகளை எண்ணித்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறது என்று அறிகிறது. கிரீஸோ மையோ பட்டால் எண்ணிக்கை தவறும், ஹெட் ஓரத்தில் போய் முட்டவும் செய்யும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். ஸ்பிரிட் போட்டால் கோடுகளே அழிந்துபோகலாம்.

கம்பெனி மை கட்டுப்படியாகலை. வெளி மை ஊத்தலாமா?

விலை மட்டும் பார்த்து ஊற்றாதீர்கள். டை ஊற்ற வேண்டிய டேங்கில் பிக்மென்ட்டை ஊற்றினாலோ, இரண்டையும் கலந்தாலோ திரிந்து கட்டியாகலாம். அப்படி அடைத்த ஹெட்டைக் கிளீனிங்கால் மீட்பது கடினம். ஹெட்டைக் கழற்ற முடியாத பிரின்டர் என்றால் கம்பெனி மையையே சொல்வேன்.

ரெண்டு லைட்டும் மாறி மாறி மின்னுது. கடையில ரீசெட் பண்ணா போதும்ங்கிறாங்க.

வேஸ்ட் இங்க் பேட் நிறைந்துவிட்டதாக பிரின்டர் கணக்குப் போட்டிருக்கலாம். கம்ப்யூட்டரில் வரும் செய்தியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதுதான் என்றால், ரீசெட் அந்தக் கணக்கைத்தான் பூஜ்யமாக்கும், பேடில் இருக்கும் மை அங்கேயேதான் இருக்கும். பேடையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒருநாள் மேசையில் மை வழியும்.

மாசத்துக்கு நாலு தாள்தான் எடுப்பேன். காயாம எப்படி வெச்சுக்கிறது?

வாரம் ஒரு தாள், நான்கு நிறமும் வருகிற மாதிரி. அணைக்கும்போது பிரின்டரின் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். அச்சு ஓடும்போது சுவர் சுவிட்சைத் தட்டினாலோ கரண்ட் போனாலோ ஹெட் பாதியில் திறந்தபடி நின்றுவிடும். கரண்ட் வந்ததும் ஒரு முறை ஆன் செய்து, முறைப்படி அணைத்துவிடுங்கள்.

அந்த நாலு தாளும் வெறும் கறுப்பு எழுத்துதான் என்றால், அடுத்த முறை மோனோ லேசர் வாங்குங்கள். அதில் இருப்பது டோனர் தூள், காய்வதற்கு ஒன்றுமில்லை.