சுகரும் டிபியும்: கேளுங்க, சொல்றேன்

டிபி லேப்ல 28 வருஷம் சளி பாத்து ரிட்டயர்டு ஆனவன். கேட்டவங்க ஊர் பேரைப் போட்டு, தெரிஞ்சதைச் சொல்றேன்.

பள்ளத்தூர்: அண்ணே, அப்பச்சிக்கு 15 வருஷமா சுகர். மூணு வாரமா இருமல், இடுப்புல வேட்டி நிக்கல. சுகர்தான் எளைக்க வைக்குதுன்னு விட்டுட்டோம்.

பதில்: அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. ரெண்டு நோயிலயும் ஆளு எளைப்பாங்க. சுகர் இருந்தா டிபி வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு, ஏன்னா கிருமியை அமுக்கி வைக்கிற எதிர்ப்புச் சக்தி மந்தமாயிடும். ரெண்டு வாரம் தாண்டுன இருமலுக்கு சிரப் ஊத்தாதீங்க, சளி டெஸ்ட் கொடுங்க, கவர்மெண்ட்ல காசு கிடையாது. எச்சி வேணாம், நெஞ்சுல இருந்து வரணும். டப்பாவைச் சாய்ச்சுப் பாத்தாலே தெரியும், கெட்டியா ஒட்டி நகர்ந்தா சளி, தண்ணியா நுரைச்சா எச்சி, திருப்பி அனுப்பிருவேன்.

தேவகோட்டை: டிபி மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து சுகர் 300. நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீங்க!! டிபியே சுகரை ஏத்தும். அதோட ரிஃபாம்பிசின், ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுதே அந்த மாத்திரை, அது ஈரலை முடுக்கிவிட்டு கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையை சீக்கிரமா உடம்பை விட்டு வெளியேத்திடும். அதான் கொஞ்ச நாளைக்கு இன்சுலினுக்கு மாத்துறாங்க. டோஸை டாக்டர்தான் மாத்தணும்.

காரைக்குடி: கவுனி அரிசி சுகருக்கு நல்லதாமே?

பதில்: அரிசி கருப்பு, மேல கொட்டுற சீனி வெள்ளை.

கானாடுகாத்தான்: தம்பி, கவுனியில நாரு இருக்கு, வெள்ளை அரிசிக்கு எவ்வளவோ மேல்.

பதில்: ஆச்சி, ஒத்துக்கிறேன். ஆனா நம்ம ஊர்ல கவுனியைச் சோறா வடிச்சு குழம்பு ஊத்தி யாரு சாப்பிடுறா? சீனி, தேங்காப்பூ, நெய் இல்லாம ஒரு கல்யாணத்துல வச்சுக் காட்டுங்க.

கானாடுகாத்தான்: விசேஷத்துக்கு ஒரு கரண்டி கூடவா கூடாது?

பதில்: ஒரு கரண்டியோட எந்திரிச்சவங்களை நான் பாத்ததில்ல ஆச்சி. அதுக்காக டிபி வந்தவங்களைப் பட்டினியும் போடாதீங்க, முட்டை, மீன், பருப்பு நல்லா கொடுங்க. நிக்‌ஷய் போஷன்ல, அதான் டிபிக்காரங்க சாப்பாட்டுக்குக் கவர்மெண்ட் தர்ற பணம், மாசம் 500 ரூபா வந்தது, 2024 நவம்பர்ல இருந்து 1000. அது முட்டைக்கு, சீனிக்கு இல்ல.

கோட்டையூர்: நாட்டுச்சர்க்கரை போட்டா?

பதில்: பேர்லயே சர்க்கரை இருக்கு.

புதுவயல்: இருமல் நின்னுடுச்சு, மாத்திரையை...

பதில்: நிறுத்தாதீங்க. சாதா டிபிக்கே 6 மாசம். இதோட ரெண்டு தடவை சொல்லியாச்சு.

திருப்பத்தூர்: எனக்கு முழங்கால் வலி.

பதில்: எலும்பு டாக்டரைப் பாருங்க.

பள்ளத்தூர்: அண்ணே, டப்பா வாங்கியாச்சு. நாளைக்கு எப்ப எடுக்கணும்?

பதில்: எந்திரிச்சதும், வாயைத் தண்ணியில கொப்புளிச்சுட்டு. வீட்டுக்குள்ள வளவுல வேணாம், பின்கட்டுத் தோட்டத்துல காத்தோட்டமா எடுக்கச் சொல்லுங்க. மூடியை இறுக்கிட்டு அன்னைக்கே கொண்டு போயிருங்க.