எச்.ஐ.வி. கணக்கெடுப்புக்கு ரத்தம் கொடுக்க ஏன் மறுக்கிறார்கள்? டாக்டர் பதில்கள்

2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் விரலைக் குத்தி எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு இன்றுவரை வரவில்லையே? (வண்டிப்பெரியார்)

வராது. ரத்தத் துளிகளை ஊறவைத்த வடிதாளில் ஒட்டியது பார்கோடு மட்டும், பெயர் கிடையாது. சம்மதம் கேட்கும்போதே இதைப் படித்துக் காட்டுவார்கள், காதில் வாங்க வேண்டாமா? முடிவு தெரிய வேண்டுமானால் கேரளத்தில் எச்.ஐ.வி. பரிசோதிக்கும் ஜோதிஸ் மையத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் தேனிப் பக்கம் இறங்கினால் அதற்குப் பெயர் நம்பிக்கை மையம். இலவசம்.

ஒழுக்கமாக வாழ்கிறேன். என் ரத்தம் எதற்கு? (கொழிஞ்சாம்பாறை)

உங்களைப் போன்றவர்களும் கொடுத்தால்தான் கணக்கு சரியாகும். கர்ப்பிணிகள் வரும் மருத்துவமனைகளிலும் ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடமும் எடுத்த ரத்தத்தை வைத்து, இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று முன்பு சொன்னார்கள். 2005-06இல் வீடு வீடாக எடுத்த ரத்தமும் கணக்கில் சேர்ந்ததும் அது இருபத்தைந்து லட்சமாக இறங்கியது.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மாமியார் எதிரிலேயே எச்.ஐ.வி.க்கு ரத்தம் கேட்டார்கள். மறுத்தேன். "அவளுக்கு ஏதோ இருக்கிறது" என்று பேச்சாகிவிட்டது. (குமுளி)

உங்கள் மீது தவறே இல்லை அம்மா. அறியாமையால் மறுக்கிறார்கள் என்று கூட்டந்தோறும் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிற லயத்தில், திண்ணையில் நால்வர் உட்கார்ந்திருக்க, "எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சம்மதமா?" என்று உரக்கக் கேட்டால் மருமகள் என்ன சொல்வாள்? கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பாள். மறுநாள் கதவே திறக்காது. ஊசிக்குப் பயந்தவர்களைவிட ஊர்வாய்க்குப் பயந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடவும் கூடாது. அந்தச் சம்மதத்தைத் தனியே அழைத்துக் கேளுங்கள், தாழ்ந்த குரலில் கேளுங்கள் என்று கணக்கெடுக்க வருகிறவர்களிடம் எத்தனை முறை சொல்வது! அம்மா, மறுத்ததால் நோய் இருக்கிறது என்று ஆகிவிடாது. பேசுகிறவர்களிடம் இதையே சொல்லுங்கள்.

தொற்று இருப்பது தெரிந்தவர்கள் மறுத்தால்? (சித்தூர், பாலக்காடு)

கணக்கு குறைத்துக் காட்டும். ஆப்பிரிக்காவில் மலாவியில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டேன். அடுத்த கணக்கெடுப்பில் பார்த்துக்கொள்ளலாமா? (செங்கோட்டை)

என்ன கேள்வி இது? தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வாய்ப்பு போய்விட்டது. நாளைக் காலையிலேயே நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். கணக்கெடுப்பில் முடிவு தரமாட்டார்கள் என்று மேலேயே சொன்னேன். இப்போது தொற்று இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை ஆணுறை கட்டாயம். சந்தேகமிருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.